கேமரா இரண்டு, தயார்

தோட்டப்பாளையத்தில் செருப்புக்கடைக்கு மேல்
மூன்றாம் மாடியில் எங்கள் செய்தி அறை.
ஜன்னல் உண்டு. தெர்மாகோல் வைத்து அடைத்துக்
கறுப்புத் துணி ஒட்டியிருக்கிறோம்.
ஒழுகும் ஏசிக்குக் கீழே ஒரு பெயிண்ட் பக்கெட்.
அது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்து
வெளியே மணி என்ன இருக்கும் என்று
தோராயமாகச் சொல்லிவிடுவேன்.

பதினோரு வருஷமாக இந்த நாற்காலி.
காதில் ஹெட்செட், விரலுக்கடியில் பட்டன்கள்.
எந்தப் படம் போகணும், எப்போது போகணும்,
அவ்வளவுதான் என் வேலை.
விருந்தாளி வந்தால் மாமியார் சொல்வார்
"மருமவ டிவியில இருக்குறா."
அவர்கள் என் முகத்தில் எதையோ தேடுவார்கள்,
சில்லறை விழுந்த இடத்தைத் தேடுவது மாதிரி.
அதற்குள் காபி வந்துவிடும்.

வாசிப்பது கெஜலட்சுமி.
இடுப்புக்கு மேல் பட்டு, கீழே நைட்டி.
வாழைப்பந்தலில் மின்தடை என்று வந்தால்
அந்த ழகரம் தாண்டும்வரை
நான் இங்கே மூச்சு விடமாட்டேன்.
ஒருநாள் அவளுக்குத் தும்மல்.
கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு மாறி
அரை நொடியில் திரும்பிவிட்டேன்.
அப்படியொன்று நடந்ததாகவே
நாங்கள் இருவரும் வைத்துக்கொள்ளவில்லை.

பாலாற்றில் தண்ணீர் வந்த அன்று
விடிகாலை ஐந்தரைக்கு ஏகாம்பரம் போன்.
"அக்கா, மெய்யாவே வந்துகினு இருக்குது."
விருதம்பட்டுப் பாலத்தில் நிசார்,
பெருமுகையில் முனிரத்தினம்,
ஆறு மணிக்கு நேரலை.

நடந்தால் பத்து நிமிஷம், ஆற்றுக்கு.
எனக்கு அது நான்கு சின்னச் சதுரங்களில் ஓடியது.
ஒன்றில் டீ நிறம்.
இன்னொன்றில் ஏனோ பச்சை.
"நிசார், கலர் பாரு" என்றேன்.
"அக்கா, நீங்க ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போங்களேன்."
"கேமரா இரண்டு, தயார்" என்றேன்.

பாலம் முழுக்க ஜனம்.
கற்பூரம் கொளுத்தினார்கள், பூ எறிந்தார்கள்.
கையில் ஊசி குத்தின பிளாஸ்டரோடு
ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் வந்து நின்றார்.
ஸ்கூல் யூனிபார்மில் ஒரு கூட்டம்,
ஸ்கூல் எதிர்ப்பக்கம்.
எல்லோரும் கேமராவுக்குக் கையாட்டினார்கள்.
ஒரு பழக்கத்தில் நானும் தலையசைத்தேன்.

பெருமுகையில் கூட்டமில்லை.
அங்கேதான் அந்த மாடு வந்தது,
தலை மட்டும் மேலே,
ஒரு கொம்பில் நீல நிறம் பூசி.
முனிரத்தினம் விடாமல் பிடித்தான்.
நான்கு விநாடி விட்டேன்.
பிறகு கெஜலட்சுமி.
பிறகு நகைக்கடை விளம்பரம்.
மீதியை ஊர் பார்க்கவில்லை.
ஒளிபரப்பில் இல்லாத சதுரத்தில்
அது முடிகிறவரை நான் பார்த்தேன்.
முனிரத்தினம் ஹெட்செட்டில் ஒன்றும் சொல்லவில்லை.

எப்போது என்று தெரியாது,
பக்கெட் நிரம்பி வழிந்து
பாதம் இரண்டும் நனைந்திருந்தது.
அன்றைக்கு நான் தொட்ட தண்ணீர்
அது ஒன்றுதான்.

ராத்திரி பத்தேமுக்காலுக்குப் பாலத்துக்குப் போனேன்.
கரையோரம் கரண்டை நிறுத்தியிருந்தார்கள்.
ஒன்றும் தெரியவில்லை.
கீழே எதையோ இழுத்துக்கொண்டு போகிற மாதிரி
நிற்காத சத்தம்.
படம் போய்விட்டு ஆடியோ மட்டும் வந்தால்
உடனே கைகள் பதறும் எனக்கு.
கைப்பிடிச் சுவரில் விரல்களை வைத்துக்கொண்டேன்.

வேர்க்கடலை வண்டிக்காரர் கேட்டார்.
"இன்னாம்மா, இருட்டுல வந்து இன்னா தெரியப்போவுது?
டிவியில பாக்கலியா நீ?
ஒரு மாடு வந்துச்சு பாரு, அப்பா!
நல்லா காட்டிகினே இருந்தான்,
டக்குன்னு நிறுத்திட்டு நகைக்கடைய போட்டுட்டான் பாவி.
பொழச்சிச்சா இன்னான்னே தெரில."

"கரையேறிடுச்சு" என்றேன்.

வறுக்கிற கரண்டி நின்றது.
"நீ எங்க பாத்த?"

பொட்டலம் எவ்வளவு என்று கேட்டேன்.