கொட்டேஷன்

அழகாபுரம் வீட்டின் பின்னால்
இருபதுக்குப் பதினெட்டு.
முதலில் வந்தவர் செல்போனில் ஒரு பச்சையைக் காட்டினார்:
கொரியன் புல், சதுர அடி அறுபது.
அடுத்தவர் நீரூற்றும் சேர்த்து
எழுபத்தெட்டாயிரம், ஜிஎஸ்டி தனி.

நாகலூரிலிருந்து பஸ் பிடித்து வந்த சேர்வராயன்
டீயை வாங்கிக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு
கடப்பாரையை இறக்கினார்.
ஓரடியில் ணங்.
வெள்ளைக்கல்.

"துணி தொவைக்கிற தண்ணி எங்க போவுது?"

சாக்கடைக்கு.
எங்கள் தண்ணீரைப் பற்றி எனக்கு
டேங்கர்காரர் நம்பர் மட்டும்தான் தெரியும்.

கரண்ட் பில்லின் முதுகில் கோடு போட்டார்.
இரண்டு வாழை, ஒரு கறிவேப்பிலை.
"மிச்சத்துக்கு மழை வரட்டும்.
எங்க தேங்குதுன்னு பாத்து வைங்க."
தொகை எழுதும் இடம் காலி.

ஐப்பசி, இரவு இரண்டு மணி.
டார்ச்சோடு பின்கதவில் நிற்கிறேன்,
டீ ஆறிய அந்தச் சுவரோரம்
முதல் குளம்.