அழவைத்த குற்றத்துக்கு

முதலில் அபராதத்தைத்தான் கண்டெடுத்தோம்.
நாடகம் இல்லை. அதில் ஒரு வரிகூட இல்லை.
இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்
கிரேக்கத்தில் ஒருவன்
எரிந்துபோன உறவூரொன்றை மேடையேற்றினானாம்.
அரங்கம் முழுக்க விம்மியதாம்.
எங்கள் துயரை எங்களுக்கே நினைவூட்டினாய் என்று
ஆயிரம் திராக்மா அறவிட்டார்களாம்.
இனி எவரும் அதை ஆடக்கூடாது என்றும் கட்டளை.

இவ்வளவுதான் இன்பரூபனின் கொப்பியில் இருந்தது.
"இது காணும்" என்றான்,
டொக்யாட் வீதித் தேநீர்க்கடையில்
வடையைப் பிய்த்தபடி.

மிச்சத்தை நாங்கள் எழுதினோம்.
மூதூர்ப் படகில் வந்துபோகும் ஜெஸீமா
தூதுவன் பேசும் பகுதியை எடுத்துக்கொண்டாள்:
எத்தனை பேர் கடலை நோக்கி ஓடினார்கள்,
யாருடைய கதவு திறந்தபடி கிடந்தது,
அடுப்பில் என்ன இருந்தது.
கிரேக்கர் புட்டு அவிப்பார்களா என்று கேட்டேன்.
யோசித்து, ரொட்டி என்று மாற்றினாள்.
அடுத்த நாள் மறுபடி புட்டு.

அனுமதிப் படிவத்தில் ஒரு கட்டம்:
சம்பவம் நடந்த இடம்.
'வெளிநாடு' என்று நிரப்பினோம்.
அதன் கீழே, நடந்த காலம்.
'கிறிஸ்துவுக்கு முன்.'
உத்தியோகத்தர் சிரித்தார். முத்திரை விழுந்தது.

எனக்கு மேடையில் வேலை இல்லை.
திரைக்குப் பின்னால் சின்ன டோர்ச்சோடு குந்தியிருந்து
மறந்தவர்களுக்கு அடி எடுத்துக் கொடுப்பவள் நான்.
பதினொரு வருடமாய் இந்த ஊர்
என் குரலைக் கேட்கிறது,
யாருடையதென்று தெரியாமல்.

அன்று மழை.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் இரண்டு
மண்டப வாசலில் ஒதுங்கி நின்றன;
டிக்கெட் கிழித்தவன் அவற்றை விரட்டவில்லை.

தூதுவன் பேசத் தொடங்கினான்.
கதவு வந்தது. அடுப்பு வந்தது.
மூன்றாம் வரிசையில் ஒரு கதிரை கிரீச்சிட்டது.
அங்கிருந்து ஒரு பெண் குரல்,
உரக்கவும் இல்லை,
ஓர் ஊரின் பெயரைச் சொன்னது.
சுவரோரம் இன்னொருவர் வேறோர் ஊரை.
பின்னாலிருந்து யாரோ, ஊரை அல்ல,
ஓர் ஆளின் பெயரை, வீட்டில் கூப்பிடுகிற பெயரை.
தூதுவன் நிறுத்திவிட்டான்.
திரையிடுக்கால் என்னைப் பார்த்தான்.
அடுத்த வரி என் விரலுக்கடியில் இருந்தது.
நான் கொடுக்கவில்லை.

நாற்பது நிமிடம்.
பெயர்கள் ஓய்ந்து, மூக்குச் சிந்தும் சத்தமும் ஓய்ந்து,
கூரையில் மழை மட்டும் மிஞ்சும்வரை.
காவலாளி சாவிக்கொத்தை ஆட்டாமல்
உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

மறுநாள் கணக்குப் பார்த்தோம்.
மண்டபத்தை நேரத்துக்கு ஒப்படைக்காத வகையில்
வைப்புப் பணத்தில் இரண்டாயிரம் வெட்டு.
பச்சை ரசீது. காரணம்: தாமதம்.
இன்பரூபன் சண்டைக்குக் கிளம்பினான்.
ஜெஸீமா அவன் சேர்ட்டைப் பிடித்து இருத்தினாள்.

அவனுக்கு முடி சூட்டிய நடுவர் யாரென்று
எங்களில் யாருக்குத் தெரியும்?
கைதட்டியவர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டார்கள்.
அவனை எங்கள்வரை கொண்டுவந்து சேர்த்தது
தண்டத்தொகையை ஒழுங்காய்ப் பதிந்துவைத்த
யாரோ ஒரு கணக்கப்பிள்ளை.
பாவம், அவனுக்கும் பெயரில்லை.

ரசீதைப் பிரதிக்குள் வைத்தேன்,
தூதுவன் நிறுத்திய பக்கத்தில்.
அதற்குப் பிறகு பதினேழு பக்கம் இருக்கிறது,
ஆடாமலே.

"ஆயிரம் திராக்மா
இப்ப எத்தனை ரூபா வரும்?"
ஜெஸீமா விரலை மடக்கிப் பார்த்தாள்,
விட்டுவிட்டாள்.
படகுக்கு நேரமாகிவிட்டது.