மேசைமணி

மாணவர் ஆய்வரங்கில்
எனக்குக் கிடைத்த வேலை மணி.
எட்டாம் நிமிடம் ஒருமுறை,
பத்தாம் நிமிடம் இருமுறை.
மீறிப் பேசினால் இரண்டு மதிப்பெண் போகும்
என்று நடுவர் தாளின் அடியில் சின்ன எழுத்தில்.

காலையிலிருந்து
கடற்புல்லுக்கு அடித்தேன்,
பவளத்துக்கு அடித்தேன்,
சிப்பி வயிற்று நெகிழித் துணுக்குக்கு அடித்தேன்.
நன்றி சொல்லத் தொடங்கிய ஒருவனின்
அம்மா பெயர்மேலேயே அடித்தேன்.
யாரும் என்னை முறைக்கவில்லை.
மணியைத்தான் முறைத்தார்கள்.

பதினோராவதாக லோகவாணி.
பூலாவ் பெத்தோங் சேற்றில்
பதினான்கு மாதம் பெலாங்காஸ் எண்ணியவள்.
முதல் வாரமே காலணியைச் சேறு விழுங்கிவிட, பிறகெல்லாம் வெறுங்கால்.
நகக்கண்ணில் அந்தக் கறுப்பு இன்னும் இருந்தது,
இரவல் ஹீல்ஸுக்குள்.

எட்டாம் நிமிடம் அடித்தேன்.
திரையில் ஒரு பெலாங்காஸ்
மல்லாந்து கிடந்தது.
வாலை ஊன்றியது. சறுக்கியது.
கால்களெல்லாம் காற்றில்
எதையோ தட்டச்சு செய்தன.
"இது தானாப் புரளுமான்னு..." என்று ஆரம்பித்தவள்
நிறுத்திவிட்டு
எங்களோடு சேர்ந்து பார்த்தாள்.

ஒன்பது ஐம்பத்தெட்டு.
ஒன்பது ஐம்பத்தொன்பது.
டைனோசர் வந்ததையும் போனதையும்
பார்த்த பரம்பரை.
அதற்கு நான் பத்து நிமிடம் அளக்கிறேன்.
விரல் மணிமேல் இருந்தது.
இறங்கவில்லை.

பத்து பத்து. மறுபடி ஊன்றியது.
பத்து முப்பது. ஏர்கோன் இரைச்சல்,
முன்வரிசையில் யாரோ கறிபாப் மெல்வதை நிறுத்திய அமைதி.
பத்து நாற்பத்திரண்டு.
புரண்டது.
அரங்கமே கைதட்டியது,
நண்டே இல்லாத ஒரு நண்டுக்கு.
டாக்டர் சுல்கிஃப்லி மட்டும்
தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மாலையில் முடிவு.
முதல் பரிசு, சபா போகும் விமானச் சீட்டு:
ஹாவ் செங்கின் கடற்குதிரைகளுக்கு.
இரண்டாம் பரிசு லோகவாணி.
ஒரு சான்றிதழ், ஒரு குடை.
இடைவெளி ஒன்றரை மதிப்பெண்.

நேராக என்னிடம் வந்தாள்.
நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று
நானே ஒரு புன்னகையைத் தயார் செய்திருந்தேன்.

"மணி அடிச்சிருக்கலாம்ல?"

"அது புரளட்டுமேன்னு..."

"அது புரளும்லா. எண்பத்தேழு தடவை பாத்திருக்கேன்.
கடைசி வரி ஒண்ணு பாக்கி.
மணி கேட்டிருந்தா அதைச் சொல்லிட்டு இறங்கியிருப்பேன்."

என்ன வரி என்றேன்.
சொல்லவில்லை.
ஆறிப்போன கறிபாப் ஒன்றை முழுசாகத் தின்று
விரலை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு
என் மணியை எடுத்தாள்.
மேசைமேல் மல்லாக்கப் போட்டாள்.

வெள்ளி ஓடு. உள்ளே சின்ன நாக்கு.
கொஞ்சம் ஆடி, ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நின்றது.
வால் இல்லை அதற்கு.

வெளியே மழை பிடித்திருந்தது.
பட்டர்வொர்த் ஃபெர்ரி ஆறரைக்கு என்று
பரிசுக் குடையை விரித்தபடி ஓடினாள்.
விளக்கணைக்கும் பையன் வந்து
இது யாருடையது என்று கேட்கும்வரை
நான் அதைத் திருப்பி வைக்கவில்லை.