தலைக்கணக்கு

மங்கலம் சாலையில் பதினோரு கதவு லைன் வீடு.
ஏழாவது எங்களுடையது.
அட்வான்ஸ் நாற்பதாயிரம்
வாடகை ஐயாயிரத்து ஐந்நூறு
கரண்டு யூனிட்டுக்கு எட்டு ரூபாய்
தண்ணிக்குத் தலைக்கு நூற்றைம்பது.

"எத்தனை தலைங்க?"
என்றார் வீட்டுக்கார அம்மா தெய்வாத்தாள்.
மானாமதுரையிலிருந்து ராத்திரி முழுக்க
நின்றுகொண்டே வந்த தூக்கத்தில்
என் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.
"மூணு" என்றார் இவர்.
"மூணுங்க" என்று நான் திருத்தினேன்.
திருப்பூரில் எனக்கு இனாமாகக் கிடைத்தது
அந்த "ங்க" ஒன்றுதான்.
அதை மட்டும் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறேன்.

இவருக்கு ஓவர்லாக், எனக்குச் செக்கிங்,
கொழுந்தன் பூமிராசு அயர்னில் நிற்கிறான்.
சனிக்கிழமை பொழுதோடு சம்பளம்.
கட்டிங் டேபிளுக்கடியில் கிடக்கிற
வேஸ்ட் துணியில் முடிந்து வைக்கிறேன்:
சிவப்பில் வாடகை.
கரும்பச்சையில், அட்வான்சுக்காக
ஊரில் வாங்கிய கடனுக்கு வட்டி.
கோடு போட்டதில் அரிசி, பருப்பு.
மஞ்சளில் குட்டி சிலிண்டர்.
செவ்வாய்க்குள் மஞ்சள் அவிழ்ந்துவிடும்.
வியாழக்கிழமை அது சிவப்பிடம் போய் நிற்கும்.
பனியன் துணி இழுத்தால் நீளும்.
உள்ளே இருப்பது நீளாது.

கண் ஆபரேஷனுக்கு மாமனார் வந்திருந்தார்.
விருந்தாளி மூன்று நாள் தாண்டினால் அதுவும் தலை.
நாலாம் நாள் விடியலில்
வாசல் கூட்டுகிற சாக்கில்
தெய்வாத்தாள் செருப்பெண்ணினார்.
நாலாவது ஜோடி
அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது.
ஒரு கண்ணில் பச்சைத் துணியோடு
வெறுங்காலில் கக்கூசுக்கு நடந்தார் மாமனார்,
எதையும் கேட்கவில்லை.

ஆனியில் ஆர்டர் நின்றது.
வாரத்துக்கு ரெண்டு ஷிப்ட், சில வாரம் அதுவும் அரை.
பூமிராசு பெருந்துறைக்குப் போய்விட்டான்,
கம்பெனி ரூமிலேயே தங்கல்.
ஒரு தலை குறைவு, நூற்றைம்பது மிச்சம்
என்று காலண்டர் தாளின் முதுகில் எழுதினேன்.
ஒரு சம்பளமும் குறைவு என்பதை
அதற்குக் கீழே கொஞ்சம் சின்னதாக எழுதினேன்.
அந்த மாதம்தான் எனக்கு நாள் தள்ளிப்போனது.

தண்ணி லாரி வந்த மத்தியானம்
தெய்வாத்தாளிடம் போய்க் கேட்டேன்,
"சின்னதுக்கும் நூத்தம்பதுங்களா?"
லாரிக்காரனுக்கு எண்ணிக்கொண்டிருந்தவர்
எண்ணிய நோட்டிலேயே விரலை நிறுத்தி
என் வயிற்றைப் பார்த்தார்.
"வெளிய வர்ற வரைக்கும்
உங்க தலையிலயே இருக்கட்டுமுங்க.
வந்துட்டாத் துணி அலசியே
ரெண்டு தலைத் தண்ணி போயிரும்."
விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினார்.
நோட்டுப் போதவில்லை.
இடுப்பிலிருந்து ஒரு முடிச்சை எடுத்து அவிழ்த்தார்.
அதுவும் பனியன் வேஸ்டுதான்.
ஊதா.
எங்கள் வீட்டில் இல்லாத நிறம்.

ஐப்பசியில் ஆர்டர் திரும்பியது.
குழந்தைச் சட்டை. பிறந்ததிலிருந்து மூன்று மாதம் வரைக்கும்.
என் உள்ளங்கை இரண்டுக்குள் அடங்குகிறது.
விலைச்சீட்டில்
நான் பார்த்திராத காசில் பன்னிரண்டு.
பக்கத்து டேபிள் நாச்சம்மா
போனில் பெருக்கிப் பார்த்துச் சொன்னாள்,
அது என் மூன்று ஷிப்ட்.

ஓட்டை விழுந்த பீஸை
உள்ளாட்களுக்கு இருபது ரூபாய்க்குக் கொடுப்பார்கள்.
ஓட்டையைக் காட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர்
என் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது.
டியூப்லைட்டுக்கு அடியில்
இந்த வெள்ளைச் சட்டையை
ஐந்தாம் முறையாகத் திருப்புகிறேன்.
கழுத்து சரி. தோள் மூட்டு சரி.
எண்ணெய்க் கறை இல்லை.
பொத்தானை இழுத்துப் பார்த்தேன், இருக்கிறது.
இவரைப் போல எவரோ
ஒரு தையல் பிசகாமல் அடித்திருக்கிறார்.

"ஏனுங்க்கா, அந்தப் பீஸ்ல என்ன?"
சூப்பர்வைசர்.

"ஒண்ணுமில்லீங்க."

கடுகளவு போதும்.
கக்கத்தடியில், மடிப்புக்குள், எங்காவது.
இன்னொரு தடவை வெளிச்சத்துக்குத் தூக்கித்
தேடுகிறேன்.