நூற்றில் ஐந்து

மல்லாவியில் தவணைக்கு எடுத்த கமரா.
எடை குறைவு. பெடியன் ஒருத்தன் தூக்கிப் பார்த்து
"உள்ளுக்குச் சாமான் இருக்கோ அண்ணை?" என்றான்.
இருக்கு. பாலறுகில் தொடங்கி
கால்மாறிப் போகும்வரை ஒரே பற்றரி.

வெயிலில் பிழை சொல்லேலாது.
கூறைச் சிவப்பு, வயல் பச்சை, கிறவல் தூசி
எல்லாம் தன்தன் நிறத்தில்.

பொழுதுபட்டால்தான் குணம் தெரியும்:
இருட்டு மணல் மணலாய்ப் பொரியும்.
லென்ஸ் முன்னுக்கும் பின்னுக்கும் தடவி
ஆளைப் பிடிக்கமுன்
தாலி ஏறிவிட்டது ஒருக்கால்.
"இன்னொருதரம் கட்டுற மாதிரி நில்லுங்கோ" என்றேன்.
ஐயர் பார்த்த பார்வை மட்டும்
பிசகாமல் பதிந்திருக்கு.

கடைக்காரன் சொல்லாத குறை ஒன்று:
துளைக்குள்ளால் தெரிவது நூற்றில் தொண்ணூற்றைந்து.
மிச்சத்தை நான் பாராமலே அது எடுக்கும்.
கதிரைக் கால், சோடாப் போத்தல்,
ஆரோ ஒருத்தரின் முழங்கை.

துசாந்தினியின் படத்தில்
இடது கரையில், வாழைக்குப் பின்னால்
பொட்டில்லாமல் தாய்.
மணவறைப் பக்கம் வரமாட்டன் என்று
விடியவே சொன்னவ.
கை நிறைய அறுகரிசி,
எறிய ஓங்கினபடி.

கரையை வெட்டத்தான் கணினியைத் திறந்தேன்.

வெட்டவில்லை.
தவணை இன்னும் ஏழு மாதம் கிடக்கு.