பாவ்லா

நான் இடது பின்சக்கரத்து ஆள்.
பெயர் வீபெ. டிவியில் பார்த்திருப்பீர்கள்,
முகத்தை அல்ல, குனிந்த முதுகை.
இரண்டரை நொடி வேலை.
முன்னும் பின்னும் காத்திருப்பு,
சம்பளம் அதற்குத்தான்.

ஸாண்ட்ஃபோர்ட்டில் மணல்மேட்டுக்கு அப்பால் கடல்.
காற்று திரும்பினால்
வளைவுக்கு வளைவு மாவு சலித்ததுபோல் மணல்.
டயர் இருபத்தாறு சுற்று தாங்கும் என்று
மீனெக கணக்குப் போட்டிருந்தாள்.
மணலையும் சேர்த்தால் இருபத்திரண்டு.

நாற்பத்தோராம் சுற்றில் காதுக்குள் அவள் குரல்:
"வெளியே வாங்க. எல்லாரும். டயரோடு."
போர்வையை உரித்தோம். சுட்ட ரப்பர் வாடை.
மண்டியிட்டு நட்டுத் துப்பாக்கியை நீட்டினேன்.
டாவெட் பிட்டுக்குள் திரும்பாமல்
நேராகப் போய்க்கொண்டே இருந்தான்.

பாவ்லா.
பக்கத்து அணி நம்பிவிட்டது.
தன் காரை உள்ளே அழைத்து, டயர் மாற்றி,
நெரிசலின் நடுவே கொண்டுபோய்ச் செருகியது.
மீனெக சிரித்தது எனக்குக் கேட்டது.
சட்டப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரி இருக்கிறது,
அதன்மேலும் கொஞ்சம் மணல்.
யாரும் வாயால் பொய் சொல்லவில்லை.
என் முழங்கால் சொன்னது.

ஐம்பத்தெட்டில் அடுத்த சேதி.
பின்னால் எஸெகியேல், புது டயரில்.
பட்டத்துக்குப் புள்ளி தேவைப்படுகிறவன் அவன்.
"டாவெட், மூன்றாம் வளைவில் விட்டுக்கொடு."
மறுமுனையில் வாயில் கொழுக்கட்டை.
"டாவெட், கேட்கிறதா?"
"காற்று" என்றான். அவ்வளவுதான்.

எஸ்தோனியாவில் உறைந்த ஏரிமேல் ஓட்டிப் பழகியவன்.
பனிக்கு அடியில் என்ன இருக்கிறதென்று
அங்கே யாரும் பேசமாட்டார்களாம்.

சாய்வு வளைவில் கதவை அடைத்தான்.
எஸெகியேலின் காரிலிருந்து கார்பன் சில்லு ஒன்று பறந்தது.
அடுத்த சுற்றிலும் அடைத்தான்,
ஓர் அங்குலம் இன்னும் நெருக்கமாக.

அறுபத்தொன்றில்
யாரும் கூப்பிடாமல் உள்ளே வந்தான்.

நான் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.
பிட்டில் வெறும் தரை.
மஞ்சள் கோட்டுக்குள் பிசகாமல் நிறுத்தினான்,
பயிற்சியில்கூட இவ்வளவு சுத்தமாக நின்றதில்லை.
ஓடினோம். எந்த டயர் என்று யாரோ கத்தினார்கள்.
காற்றுக்குழாய் ஹான்னோவின் காலைச் சுற்றிக்கொண்டது.
பதினொரு நொடி.
பதினொன்று!
ஹெல்மெட் கண்ணாடியில் மணற்புள்ளிகள்,
அவற்றின் பின்னால் இரண்டு கண்கள்.
என்னையா பார்த்தான், என் தலைக்குமேல் கடிகாரத்தையா?
ரேடியோவில் நிதானமாகச் சொன்னான்:
"அப்போது கூப்பிட்டீர்களே,
வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது."

விட்டுக்கொடு என்றார்கள்.
விட்டான்.
கொடுக்கவில்லை.

எஸெகியேல் இரண்டாவது. டாவெட் ஒன்பது.
நடுவர்கள் உரசலுக்கு இருவரையும் கண்டித்தார்கள்.
ஆளில்லாத பிட்டில் வந்து நிற்பதற்கு
எந்தப் பிரிவிலும் தண்டனை இல்லை.
மீனெக திரையை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.
மழைக்கு ஒரு கோடு, விபத்துக்கு ஒரு கோடு,
எல்லாம் வரைந்து வைத்திருந்தாள்,
இவன் போன கோடு மட்டும் அதில் இல்லை.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.
அந்தப் பதினொன்றில் நாலு என் கணக்கில் எழுதப்படும்.
இரவு கடற்கரை வண்டிக்குப் போனேன்,
வெங்காயம் தூவிய ஹெர்ரிங் மீனுக்காக.
வரிசையில் எனக்கு முன்னால், தொப்பியைத் தாழ்த்தி, அவன்.
திரும்பிப் பார்த்தான். ஒதுங்கி இடம்விட்டான்.
"நீ முதலில் வாங்கு."

நான் நகரவில்லை.
அவனும் நகரவில்லை.
மீனின் வாலைப் பிடித்தபடி
கடைக்காரி எங்கள் இருவரையும்
மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.