ஆறு கிலோ

செட்டிநாட்டு விமானத் திடலில்
இறக்கை உள்ளது எதுவும் இறங்கி எத்தனையோ வருஷம்.
மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் இறங்குகிறோம்,
ஆரஞ்சுக் கூம்புகளும் தண்ணீர்க் கேன்களும்
விதிப்புத்தகமுமாக.

என் கார் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து உருப்படி.
இரண்டே இருக்கை, கூரை கிடையாது, ஃபைபர் உடம்பு.
செய்த கம்பெனி மூடியாயிற்று.
வலது பின்விளக்கு ஒரு ஷேர் ஆட்டோவுடையது.
வீல் பேரிங் வேறெந்தக் காரையோ நினைத்து வார்த்தது.
புஷ்ஷுகளை, பள்ளத்தூர் லேத்தில் பக்கத்திலேயே நின்று
கடைந்து வாங்கினான் ஜபருல்லா,
மூன்று முறை திருப்பிக் கொடுத்து.

எங்கள் வகுப்பில் மாற்றங்களுக்கு இருபது புள்ளி.
மெத்தென்ற டயருக்கு எட்டு, கேம் ஷாஃப்டுக்கு ஏழு,
பிரேக்குக்கு மூன்று.
இருபத்தொன்று ஆனால் மேல் வகுப்பு;
அங்கே டர்போ வைத்த புதுக் கார்கள்
நம்மை ஊறுகாயாகத் தொட்டுக்கொள்ளும்.
ஆடிட்டர் ஆபீஸில் ஐந்தொகை போடுகிறவள் நான்.
இரண்டு புள்ளியைச் செலவழிக்காமல் வைத்திருக்கிறேன்.
"அதுக்கு வட்டியா வரப்போகுது உமையா"
என்பான் ஜபருல்லா.

குமரப்பன் எப்போதும் எனக்கு முன்னால்,
ஒரு நொடியில் பத்தில் இரண்டு பங்கு.
சொன்னால் சிரிப்பீர்கள், கண் இமைப்பதற்குள் போகிற நேரம்.
அந்த இமைப்பைத் தேடித்தான்
ஹாரனைக் கழற்றினோம், கம்பளத்தைக் கிழித்தோம்,
கதவுக்குள்ளிருந்த காற்றுக்கும் கணக்குக் கேட்டோம்,
ஓட்டுகிறவரோடு சேர்த்து எண்ணூற்று அறுபது கிலோ
என்ற கோட்டைத் தொட்டு நிற்கும்வரை.
அதற்குக் கீழே போனால் ஓட்டமே இல்லை.

ஐப்பசியில் எனக்கு டெங்கு.
பத்து நாள் கஞ்சி, பத்து நாள் வெறும் கூரை.

திரும்பி வந்த ஞாயிறு,
நான்கு சக்கரத்துக்கு நான்கு தராசு,
ஹெல்மெட்டோடு நான் உள்ளே.
பிலோமினா டீச்சர் கூட்டினார், மறுபடியும் கூட்டினார்.
எண்ணூற்று ஐம்பத்து நான்கு.
"கார் அதேதான். நீதான் குறைஞ்சிட்ட."

எதை வைப்பது?
நேரம் பார்க்கும் கொட்டகைக்குத் தளம் போட்டு மிஞ்சிய
ஆத்தங்குடிக் கல் மூன்று கிடந்தது,
எட்டங்குலம், ஒவ்வொன்றும் இரண்டு கிலோ சொச்சம்.
இரும்புப் பட்டை வைத்து, போல்ட் முடுக்கி,
பக்கத்து இருக்கை இருந்த இடத்தில்,
தரையோடு தரையாகப் படுக்க வைத்தான்.
"உடைஞ்சா?" என்றார் டீச்சர்.
"உடைஞ்சாலும் எடை உடையாது டீச்சர்."

இரண்டாம் வளைவில்தான் புரிந்தது.
வழக்கமாக அங்கே கார் வெளிப்பக்கம் சாயும்,
சொல்ல வந்த பொய்யைச் சொல்லத் தயங்குகிற மாதிரி.
அன்று சாயவில்லை.
என் தோளிலும் கன்னத்திலும் இருந்த ஆறு கிலோ
சாலைக்கு ஒரு சாண் உயரத்தில்
மஞ்சளும் பச்சையுமாகப் படுத்திருந்தது.
காலை இன்னும் கொஞ்ச நேரம் அழுத்திவைத்தேன்.
கார் சரி என்றது.

பத்தில் ஒரு பங்கு. முன்னால், நான்.

குமரப்பன் விதிப்புத்தகத்தைப் புரட்டினான்,
அட்டையிலிருந்து அட்டைவரை.
காய்ச்சலுக்கு எத்தனை புள்ளி என்று
எங்கும் எழுதியிருக்கவில்லை.

வெயில் ஏறுமுன் வேப்பமர நிழலில் சாப்பாடு.
"நல்லா சாப்பிடு, உடம்பு தேறத் தேற
ஒவ்வொரு கல்லா கழட்டிடலாம்"
என்று சொல்லிவிட்டு ஜபருல்லா
காரைப் பார்த்தான், கொஞ்சம் அதிக நேரம்.
நானும் பார்த்தேன்.
மூன்றாவது இட்லியில் என் கை நின்றது.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
நாலாவதை எடுத்து இலையில் வைத்து,
அதன் மேல்
கெட்டிச் சட்னியை ஊற்றினான்.